யானைக்காக வீட்டிலிருந்து என்ன செய்யலாம்? தோட்டத்து ஊர்த் தங்கைக்கு ஒரு பதில்

ஜொகூரில் குளுவாங்கை அடுத்த ஒரு தோட்டத்து ஊரிலிருந்து தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். 2025 மே மாதம் கிரிக்–ஜெலி சாலையில் லோரி மோதிக் கன்று செத்துப்போக, தாய் யானை அந்த லோரியிலேயே தலையை முட்டிக்கொண்டு நின்ற காணொளியைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசு ஆறவில்லையாம். கிளினிக்கில் வேலை, எட்டு வயதில் ஒரு மகள், படுக்கையில் மாமியார். காட்டுப்பக்கம் போய்த் தொண்டு செய்ய வழியில்லை. "வீட்டில் இருந்தபடியே நாலு பேரிடம் எடுத்துச் சொல்லி, கொஞ்சம் பணம் திரட்டி, யானை மீட்புக்கு அனுப்பலாமா? யாருக்கு அனுப்புவது? அந்தக் காணொளியை மகளுக்குக் காட்டலாமா?" என்று கேட்கிறார். மூன்று கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் இங்கிருந்து செய்வது ஒரு யானையின் உடம்பு வரைக்கும் போய்ச் சேருமா? சேரும் தங்கச்சி. எந்த வழியாகச் சேரும் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் கஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் 23 ஆண்டு ஃபீல்டு கண்டக்டராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஜொகூரில் யானைப் பிரச்சினை உள்ள தோட்டங்களுக்கும் தொண்டர் குழுக்களுக்கும் நடுவே ஓடித்திரிந்து, நன்கொடைக் கணக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் மருத்துவரோ ஆராய்ச்சியாளரோ இல்லை. யானைக்கு என்ன மருந்து, எந்த ஊசி என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. தோட்டம், வேலி, சாலை, பணம் இந்த நாலைப் பற்றிக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியும்.

முதலில் "மீட்பு" என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தாய்லாந்திலும் இந்தியாவிலும் யானை மீட்பு என்றால் பெரும்பாலும் சங்கிலியில் கிடந்த வளர்ப்பு யானையை விடுவித்து ஒரு சரணாலயத்தில் சேர்ப்பது. உத்தரப்பிரதேசத்தில் ஐம்பது வருடம் போலச் சங்கிலியில் இருந்த ராஜு என்ற யானையை 2014-இல் வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு விடுவித்ததே, அது அந்த வகை. மலேசியாவில் கதை வேறு. இங்கே நம் யானைகள் அநேகமாக எல்லாமே காட்டு யானைகள். தீபகற்பத்தில் 1,223 முதல் 1,677 வரை இருக்கலாம் என்பது 2011-இல் வெளியான மதிப்பீடு. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவை முழுப் பாதுகாப்பு பெற்றவை. காட்டு யானையைப் பிடிப்பதும், ஊசி போடுவதும், இடம் மாற்றுவதும் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் வேலை. எந்தத் தனியார் குழுவும் தன்னிச்சையாகப் போய் ஒரு காட்டு யானையை "மீட்க" முடியாது. ஆகவே யாராவது முகநூலில் "ஜொகூர் காட்டு யானையை நாங்கள் மீட்கப் போகிறோம், லோரி வாடகைக்குப் பணம் தாருங்கள்" என்று எழுதினால், பர்ஸைத் திறக்கும் முன் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

அந்தத் துறையின் யானைப் பிரிவு 1974-இலிருந்து இருக்கிறது. பகாங் மாநிலம் லஞ்சாங் அருகே குவாலா கண்டாவில் உள்ள தேசிய யானைப் பாதுகாப்பு மையம் 1989-இல் வந்தது. தோட்டத்தில் சிக்கிய யானையை மயக்க ஊசி போட்டு, பழக்கிய யானைகள் இரண்டை இருபக்கமும் அணைகட்டின மாதிரி நிறுத்தி, லோரி வரைக்கும் நடத்திக் கொண்டுபோவார்கள். அந்தப் பழகிய யானைகளை இங்கே டெனாக் என்கிறோம். தமிழ்நாட்டில் கும்கி என்பார்கள். தாமான் நெகாரா, ராயல் பெலும், கென்யிர் போன்ற பெருங்காடுகளில் கொண்டு விடுவார்கள். இதுவரை பல நூறு யானைகளை இப்படி மாற்றியிருக்கிறார்கள். தாயை இழந்த கன்றுகளையும் குவாலா கண்டாவில் வளர்க்கிறார்கள்.

இடம் மாற்றுவதால் யானைக்கு நல்லதா என்பது இன்னும் தீராத விவாதம். இலங்கையில் 12 ஆண் யானைகளை இப்படி மாற்றிக் கழுத்துப்பட்டை மாட்டிக் கவனித்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு யானைகள் விட்ட பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்றவை அத்தனையும் பூங்காவை விட்டு வெளியே வந்துவிட்டன. சில தன் பழைய இடத்துக்கே திரும்பின, சில புது ஊர்களில் தொல்லை கொடுத்தன. நம் நாட்டில் 102 யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இடப்பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் தொடங்கிய மேமே என்ற ஆய்வுக்குழுவின் வேலை அது. யானைகள் தங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியேதான் கழிக்கின்றன. பாதி வெட்டப்பட்டு மறுபடி தழைக்கிற காட்டோரம்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். ஏன் என்று எங்களுக்கு ஆய்வு படிக்காமலே தெரியும். அடர்ந்த முதுகாட்டில் தழை எல்லாம் உயரத்தில் இருக்கும். வெளிச்சம் விழுகிற ஓரத்தில்தான் புல்லும் வாழையும் மூங்கிலும் எட்டுகிற உயரத்தில் கிடைக்கும். அதாவது, நம் தோட்டத்து எல்லை யானைக்கு வழி தவறி வந்த இடமே இல்லை. அது அதன் வீட்டுத் திண்ணை.

ஆகவே நம் நாட்டில் ஒரு யானையைக் காப்பாற்றுவது என்றால், பெரும்பாலும் அதை மீட்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான். உங்களைப் போலத் தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு அந்த வேலையில் கோலாலம்பூர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு பிடி இருக்கிறது. அதை ஒரு சம்பவத்தோடு சொன்னால்தான் புரியும்.

நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் ஒருநாள். மறுநடவு செய்த கட்டத்தைச் சுற்றி, யானை வராமல் இருக்க ஆழமாகக் கான், அதாவது அகழி, வெட்டியிருந்தோம். பெரிய யானைகள் கரையைக் காலால் சரித்துவிட்டு இறங்கி ஏறிவிடும். கன்றுக்கு அது முடியாது. காலையில் புல் வெட்டப் போன அக்கா ஒருவர் ஓடி வந்து, "ஐயா, சாமி குட்டி கான்ல கிடக்கு" என்றார். எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் யானையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சாமி என்றுதான் சொல்வார்கள். போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரம்கூட இல்லாத கன்று. சேற்றுத் தண்ணீரில் முன்னங்கால் இரண்டையும் கரையில் வைத்து ஏறப் பார்க்கிறது, மண் சரிகிறது, மறுபடியும் விழுகிறது. தும்பிக்கை முனையில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து வெள்ளை படிந்திருந்தது. எவ்வளவு நேரமாக இப்படிப் போராடியதோ. தாயும் இன்னும் இரண்டு பிடியும் அறுபது எழுபது அடி தள்ளிக் காட்டோரத்தில் நின்றன. நாங்கள் பின்வாங்கி, பெர்ஹிலித்தானுக்குச் சொல்லி, மண்வாரி இயந்திரத்தை வரவழைத்தோம். கரையைச் சாய்வாக வெட்டிக் கொடுத்தால் அதுவே ஏறிவிடும். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேர வேலை மாலை நாலரை மணிக்குத்தான் முடிந்தது. காரணம், எங்கள் ஆள் ஒருவர் படம் எடுத்து, எந்தக் கட்டம், எந்த வழி என்று எழுதி வாட்ஸ்அப் புலனக்குழுவில் போட்டுவிட்டார். பதினொரு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தாய் பிளிறிக்கொண்டு இரண்டு தடவை முன்னே ஓடிவந்தது; கூட்டம் சிதறி ஓடி, மறுபடி கூடியது. அதிகாரிகள் இயந்திரத்தை விட்டுவிட்டு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். கன்று கரையில் முகத்தைச் சாய்த்துச் சும்மா நிற்கத் தொடங்கிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் சாய்வு வெட்டி எல்லாரும் ஒதுங்கிய பிறகு, இரண்டு தடவை சறுக்கி மூன்றாவது தடவை மேலே ஏறியது. தாய் அதைத் தும்பிக்கையால் தடவிக்கூடப் பார்க்கவில்லை, வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு நேராகக் காட்டுக்குள் போய்விட்டது. படம் போட்டவர் கெட்டவர் இல்லை. உங்களைப் போலவே மனசு துடித்துத்தான் போட்டார்.

அதனால் விழிப்புணர்வு என்று நீங்கள் கேட்டதற்கு என் முதல் பதில் இது: உங்கள் ஊர்ப் புலனக்குழுக்களில் யானை நிற்கிற இடத்தை யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் வேலை என்கிறீர்கள், ஊரில் பாதிப் பேரை உங்களுக்குத் தெரியும். யானையைக் கண்டால் தோட்ட நிர்வாகத்துக்கும் பெர்ஹிலித்தானுக்கும் சொல்ல வேண்டும். அவர்களின் இலவச எண் 1-800-88-5151. வெட்டுக்காரர்களும் மண்டோரும் (மேஸ்திரி) இருக்கிற வேலைக் குழுவில் "இன்னிக்கு இந்தக் கட்டத்துக்குப் போகாதீங்க" என்று போடுவது உயிர் காக்கும் செய்தி, அது கட்டாயம் வேண்டும். ஊர் முழுக்கப் போகிற குழுவில் போடுவது கூட்டம் சேர்க்கும் செய்தி. ஒரே தகவல்தான், யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அது உதவியாகவோ கேடாகவோ ஆகிவிடுகிறது. யானையை விரட்டுகிற, பட்டாசு கொளுத்திப் போடுகிற, ஹாரன் அடித்து வெறுப்பேற்றுகிற காணொளிகளையும் முன்னனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வனவிலங்கை மிரட்டுவதும் சீண்டுவதும் சட்டப்படி குற்றம். அப்படிச் சீண்டப்பட்ட யானை அடுத்த நாள் விடிகாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் மேல்தான் திரும்பும்.

இரண்டாவது, சாலை. நீங்கள் பார்த்த காணொளி அன்னையர் தினத்தன்று விடியுமுன் நடந்தது. 1982-இல் திறந்த அந்தக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை பெலும்–தெமெங்கோர் காட்டை இரண்டாகப் பிளந்து போகிறது. அங்கே யானைகள் எப்போது சாலையைக் கடக்கின்றன என்று மேமே குழு பார்த்து 2018-இல் வெளியிட்டது: ஐந்தில் நான்கு தடவை இரவில்தான். சாலையோரப் புல்லும் அவற்றை அங்கே இழுக்கிறது. குளுவாங்–மெர்சிங் சாலையில் இரவு ஓட்டுகிற நம் ஊர் லோரிக்காரர்களும், சிங்கப்பூரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்புகிற பிள்ளைகளும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். யானையின் தோல் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. கண்ணும் மாட்டின் கண் மாதிரி விளக்கு மட்டத்தில் மின்னாது, அதைவிட உயரத்தில் இருக்கும். இருட்டில் ஒரு இருட்டு நகர்கிற மாதிரிதான் தெரியும். யானை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் வேகத்தைக் குறைப்பது, ஒரு யானை கடந்துவிட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று காத்திருப்பது, விளக்கை அணைத்து அணைத்துப் போடாமல், ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே நிற்பது. இந்த மூன்றையும் தமிழில், உங்கள் குரலில், ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து லோரி ஓட்டுநர்கள் குழுவுக்கு அனுப்புங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இதெல்லாம் நிறைய இருக்கிறது. தமிழில் நம் ஆட்களுக்குப் புரிகிற பேச்சில் கொஞ்சம்தான். வீட்டில் இருந்தபடியே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நிதி திரட்டுவதைவிடப் பெரியது என்றே சொல்வேன்.

இனி பணத்துக்கு வருகிறேன். பல வருடம் முன்பு ஒரு கன்றின் படத்தை வைத்து ஓர் அமைப்பு நிதி கேட்டது, பெயர் வேண்டாம். காலில் கண்ணி அறுத்த புண்ணோடு நிற்கிற படம். நானும் பங்கெடுத்தேன், எங்கள் கோயில் கமிட்டியிலும் தோட்டத்திலும் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, படம் சுற்றத் தொடங்கும் முன்பே அந்தக் கன்று செத்துவிட்டது. பணம் வேறு செலவுக்குப் போயிருக்கிறது. திருடினார்கள் என்று சொல்லமாட்டேன், அலுவலக வாடகை, ஆள் சம்பளம் என்று உண்மையான செலவுதான். ஆனால் பால் வெட்டிப் பிழைக்கிற ஓர் அம்மா, "அந்தக் குட்டிக்குப் புண் ஆறிடுச்சா தம்பி?" என்று மாதக்கணக்கில் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து படத்தைக் காட்டிப் பணம் கேட்பதை விட்டுவிட்டேன்.

யானைக்குப் பணம் தேவைப்படுகிற இடங்கள் பெரும்பாலும் படம் எடுக்க லாயக்கில்லாதவை. மின்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். யானை வேலியில் ஓடுவது விட்டுவிட்டுத் தட்டுகிற மின்சாரம். சுளீர் என்று அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பதுதான் கொலை, அது சட்டவிரோதமும்கூட. நல்ல வேலியும் பராமரிக்காவிட்டால் ஆறு மாதத்தில் வெறும் கம்பி. கொடி ஏறிக் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். மழை பெய்கிற நம் ஊரில் கொடி ஒரு வாரத்தில் ஏறும். பேட்டரி தீரும். தந்தம் மின்சாரத்தைக் கடத்தாது என்று கற்றுக்கொண்ட களிறு தந்தத்தால் தூணை முறிக்கும். ஆகவே வேலி போட்ட செலவைவிட, வேலி ஓரம் வாராவாரம் புல் வெட்ட ஓர் ஆளுக்குக் கூலி கொடுப்பதுதான் யானையையும் செம்பனையையும் காக்கிறது. கன்றுச் செம்பனையில் குருத்தைத்தான் யானை தின்னும். நட்ட முதல் சில ஆண்டுகள் தாண்டி மரம் உயர்ந்துவிட்டால் பெரும்பாலும் தொந்தரவு குறைந்துவிடும். மறுநடவு காலத்து வேலிதான் முக்கியம். பெரிய கம்பெனிக்கு அது செலவே இல்லை. ஐந்து பத்து ஏக்கர் வைத்திருக்கிற சிறுதோட்டக்காரருக்கு ஒரே இரவில் இரண்டு வருட உழைப்பு போய்விடும். சபாவில் 2013 ஜனவரியில் குனோங் ராரா காட்டுப்பகுதியில் 14 யானைகள் செத்துக் கிடந்தன, விஷம் என்றுதான் எல்லாரும் சந்தேகித்தார்கள். செத்த தாயை எழுப்பப் பார்க்கிற மூன்று மாதக் கன்றின் படம் உலகம் முழுக்கப் போனது. விஷம் வைக்கிற கை பெரும்பாலும் கோபத்தில் இருக்கிற கை. அந்தக் கோபம் வராமல் தடுக்கிற செலவுதான் யானைக்குக் கொடுக்கிற நன்கொடை.

தேனீப்பெட்டி வேலி பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், காணொளிகளில் நிறைய வருகிறது. கென்யாவில் ஆப்பிரிக்க யானைகளிடம் அது நன்றாகவே வேலை செய்தது. ஆசிய யானைகளிடம் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. நம் ஈரப்பதத்தில் தேனீயைப் பெட்டியில் நிறுத்திவைப்பதே பெரிய பாடு. அதற்காகத் தோட்டத்து ஊரில் பணம் திரட்டச் சொல்லி நான் உங்களைத் தூண்டமாட்டேன்.

யாருக்குக் கொடுப்பது? பெயர்ப் பட்டியல் தருவதைவிடப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். அமைப்பு சங்கப் பதிவகத்திலோ நிறுவன ஆணையத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். ஒரு தனி மனிதரின் பெயரில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்பாக இருந்தால் ரசீதை வைத்து, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை நன்கொடைக்கு வரிக்கழிவு கேட்கலாம். அங்கீகாரம் இருக்கிறதா என்று வாரியத்தின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அப்புறம் ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள்: "போன வருடம் வந்த பணத்தில் எவ்வளவு, எந்த இடத்தில், எதற்குச் செலவானது?" நல்ல அமைப்பு கோபப்படாது; கணக்கறிக்கை அனுப்பும். மலேசிய இயற்கைக் கழகம் 1940-இலிருந்து இருக்கிறது, டபிள்யூடபிள்யூஎஃப் மலேசியா 1972-இலிருந்து. சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றோர மக்களோடு வேலை செய்கிற ஹுத்தான் அமைப்பு 1998-இலிருந்து. கிராமத்து மக்களுக்கும் யானைக்கும் நடுவே வேலை செய்கிற செராத்து ஆத்தாய் என்ற சிறிய அமைப்பும் சபாவில் இருக்கிறது. பழைய பெயர் என்பதற்காக மட்டும் கொடுக்க வேண்டாம். அதே கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள்.

வெளிநாட்டுச் சரணாலயத்துக்கு அனுப்ப மனசு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2017-இல் ஆசிய நாடுகளில் சுற்றுலாவில் உள்ள ஏறத்தாழ 3,000 யானைகளை வேர்ல்டு அனிமல் புரொடெக்‌ஷன் அமைப்பு பார்த்தது. நான்கில் மூன்று மோசமான நிலையில் இருந்தன. முகாமின் பெயரில் சரணாலயம் என்று இருப்பதால் மட்டும் அது சரணாலயம் ஆகிவிடாது. சவாரி உண்டா, வேடிக்கை காட்டுகிறார்களா, வருகிறவர்கள் யானையைக் குளிப்பாட்டிப் படம் எடுக்கிறார்களா, கன்று பிறக்கவைக்கிறார்களா என்று பாருங்கள். பணம் கொடுத்து விலைக்கு வாங்கி மீட்பதாகச் சொல்கிற இடத்தில் இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது: விற்றவர் அந்தப் பணத்தில் வேறொரு கன்றை வாங்கினாரா? சில இடங்களில் திரும்ப யானை வைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதைக் கேளுங்கள். வீட்டிலிருந்து கொடுப்பதற்கு ஒழுங்கான முன்மாதிரி என்றால் கென்யாவின் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையைச் சொல்வேன். வருடத்துக்கு 50 அமெரிக்க டாலரிலிருந்து ஓர் அநாதைக் கன்றுக்குத் தத்துப் பங்களிப்பு. கன்று எப்படி இருக்கிறது என்று பராமரிப்பவர்களின் குறிப்பு மாதாமாதம் வரும். கன்று இறந்தால் இறந்தது என்றே எழுதுகிறார்கள்.

திரட்டுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் தூக்கினால் 1947-ஆம் ஆண்டின் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். தீபாவளி நேரத்தில் நல்லெண்ணத்தில் கிளம்பி ஸ்டேஷனில் போய் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். உரிமத்துக்கு மாவட்ட போலீஸ் தலைமையகத்தில் கேளுங்கள், அல்லது நீங்கள் கொடுக்கப்போகிற அமைப்பின் பெயரிலேயே, அவர்கள் கடிதத்தோடு, அவர்களின் கியூஆர் குறியீட்டை வைத்துச் செய்யுங்கள். பணம் உங்கள் கையையே தொட வேண்டாம். எங்கள் ஊரில் வேலை செய்த முறை இது: முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றோம், மாவு, எண்ணெய்க் காசைக் கழித்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினோம். "இந்தப் பொட்டலத்தில் ஆறு வெள்ளி, வேலியோரம் இருபது அடி புல் வெட்டும்" என்று. இருபது அடி என்பது அங்கே கூலி கொடுத்த கணக்கைப் பிரித்துப் போட்டது. வாங்கினவர்கள் அடுத்த வருடம் "நம்ம இருபது அடி எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். யானைப் படம் எதுவும் இல்லை. வேலியோரத்தில் புல் வெட்டிய பிறகு எடுத்த படம் ஒன்றை மட்டும் அனுப்பினோம். விநாயகர் சதுர்த்திக்குக் கோயிலில் ஐந்து நிமிடம் பேச விடுங்கள் என்று கமிட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தும்பிக்கையானைக் கும்பிட வருகிறவர்களிடம் இதைப் பேச அதைவிட நல்ல இடம் ஏது.

மகளுக்கு அந்தக் காணொளியைக் காட்டலாமா என்று கேட்டீர்கள். நான் காட்டமாட்டேன். எட்டு வயதில் அது பயமும் அழுகையும்தான் கொடுக்கும், அவளால் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். கூட்டம் காட்டுக்குத் திரும்பிவிட்டது என்று மண்டோர் உறுதியாகச் சொன்ன பிறகு, அவரோடேயே, வெயில் ஏறின நேரத்தில், ஈரம் காயாத சேற்றுத் தடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டோரம் போக வேண்டாம். ரோட்டோரத் தடமே போதும். தடத்துக்குள் தண்ணீர் நின்று தலைப்பிரட்டை நீந்திக்கொண்டிருந்தால் அதையும் பார்க்கட்டும். எங்கள் தோட்டத்தில் என் பிள்ளைகளும் லயத்துப் பிள்ளைகளும் இப்படி அளந்த நூல் 3 அடி 8 அங்குலம் வந்தது. உரக் கொட்டகைச் சுவரில் 7 அடி 4 அங்குலத்தில் கரியால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொருவராக அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சுவருக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும், யாரோ ஒரு பிள்ளை அந்தக் கோட்டை மட்டும் மறுபடி மறுபடி போட்டுவைத்திருக்கிறது.